சிரிப்பை எழுதுகிறவர்: வானொலி, தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

ஒரு நகைச்சுவைத் தொடரை விரும்பிப் பார்ப்பவரிடம் அதை எழுதியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் நடிகரின் பெயர்தான் பதிலாக வரும். பேசுகிறவரே யோசித்துப் பேசுகிறார் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுத்தாளர் என்று ஒருவர் இருப்பதை அறிந்தவர்களும்கூட, அவர் ஒரு நோட்டு நிறைய ஜோக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் ஒன்றை உருவிப் போடுகிறார் என்றே நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. இந்தத் தொழிலில் ஜோக் என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் பெரியது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் வாழ்க்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு நகைச்சுவை இடம் மாறிய காலம் முழுவதும் அவர்கள் நடுவில் இருந்தார்கள். இந்தத் தொழிலின் அடிப்படைகள் பலவும் அவர்கள் எழுதியவற்றில் கண்ணுக்கெதிரே உருவாவதைப் பார்க்கலாம்.

## சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

சொந்தக்காரர்களில் காசு விஷயத்தில் ரொம்பக் கெட்டியான ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் சேர்ந்து ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். பில் மேசைக்கு வருகிறது. எல்லோர் கண்களும் அவர் பக்கம் திரும்புகின்றன. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் அங்கங்கே சிரிப்பு கிளம்பிவிடுகிறது. அந்த மேசையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எதுவும் புரியாது. சிரிப்பை உண்டாக்கியது ஒரு வாக்கியம் இல்லை, அந்த மனிதரைப் பற்றி மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயம்.

வானொலி எழுத்தாளர்கள் இதையே தொழிலாகச் செய்தார்கள். மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்க நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சி. 1932 முதல் 1955 வரை வானொலியில் நடந்த அந்த நிகழ்ச்சியில் பென்னிக்கு என்று ஒரு பாத்திரம் இருந்தது. மகா கஞ்சன், தன்னைப் பெரிய வயலின் கலைஞன் என்று நம்புகிறவன், வயது என்றைக்கும் 39. நிஜ பென்னி தாராள மனமுள்ளவர் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சன் பென்னி எழுத்தாளர்கள் வாராவாரம் கட்டி எழுப்பிய ஆள்.

1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சியில், இரவில் தனியாக நடந்துவரும் பென்னியை ஒரு திருடன் மறிக்கிறான். பணமா, உயிரா என்று கேட்கிறான். பதில் இல்லை. மௌனம் நீள்கிறது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மௌனத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். திருடன் பொறுமையிழந்து மறுபடியும் கேட்கிறான். “யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!” என்கிறார் பென்னி.

இந்த வரி பிறந்த கதையும் பிரபலம். மில்ட் ஜோசப்ஸ்பெர்க், ஜான் டாக்கபெரி என்ற இரண்டு எழுத்தாளர்கள் திருடனின் கேள்வி வரை வந்துவிட்டு, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்கபெரி பேசாமலே இருக்க, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று ஜோசப்ஸ்பெர்க் எரிந்து விழுந்தார். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று டாக்கபெரி பதிலுக்குச் சொன்னார். அதுதான் வரி என்பது இருவருக்கும் அந்த நொடியே பிடிபட்டுவிட்டது.

இங்கே இரண்டு தொழில் சொற்களை அறிமுகப்படுத்திவிடலாம். கேட்பவரின் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பை உருவாக்கும் பகுதிக்கு செட்டப் என்று பெயர். அந்த எதிர்பார்ப்பைத் தொட்டுச் சிரிப்பை வெடிக்க வைக்கும் வரி பஞ்ச் லைன். பென்னியின் ஜோக்கில் செட்டப் எது? திருடனின் கேள்வி என்று தோன்றும். உண்மையில் அதற்கு முந்தைய பதினாறு ஆண்டு நிகழ்ச்சிகள் முழுவதுமே செட்டப். அதே வரியை வேறொரு நடிகரின் வாயில் வைத்தால் லேசாக ஒரு புன்னகை வரும், அவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால், நகைச்சுவை எழுத்தாளர் முதலில் ஒரு மனிதரை உருவாக்குகிறார். நேயர்களுக்கு அந்த மனிதர் நன்றாகப் பழகிய பிறகு, அவர் சும்மா இருந்தால்கூடச் சிரிப்பு வரும்.

## சானடோரியத்தில் ஒரு சந்திப்பு

கால்டனும் சிம்ப்சனும் 1948-இல் சர்ரே மாவட்டத்திலுள்ள மில்ஃபோர்டு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில், சந்தித்தார்கள். இருவருக்கும் காசநோய், இருவரும் இருபது வயதை எட்டாதவர்கள். அந்தக் காலத்தில் காசநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி படுத்தே கிடப்பதுதான். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். பொழுதுபோக்கென்று இருந்தது வானொலி. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கான ஒலிபரப்பும் கேட்டது. அதில் வந்த அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளை இருவரும் விடாமல் கேட்டார்கள். ஜாக் பென்னியை அவர்கள் கற்றது இப்படித்தான்.

நோயாளிகளுக்கென்று சானடோரியத்துக்குள்ளேயே ஒரு சிறிய வானொலி நடந்தது. அதற்கு இருவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தார்கள். பிறகு, அப்போது பிபிசியின் முன்னணி நகைச்சுவை எழுத்தாளர்களாக இருந்த ஃப்ராங்க் ம்யூர், டெனிஸ் நார்டன் இருவருக்கும் கடிதம் எழுதி வழி கேட்டார்கள். பிபிசியின் ஸ்கிரிப்ட் ஆசிரியர் கேல் பெட்ரிக்குக்கு எதையாவது அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கடற்கொள்ளையர்களைப் பற்றி ஒரு சிறு நகைச்சுவைக் காட்சியை அனுப்பினார்கள். அது பெட்ரிக்குக்குப் பிடித்துப்போனது.

1951-இல் டெரிக் ராய் என்ற நகைச்சுவை நடிகருக்கு எழுதும் வேலை கிடைத்தது. இதைத் தொழிலின் முதல் படி என்று சொல்லலாம். இன்னொருவர் மேடையிலோ மைக்கிலோ சொல்வதற்குத் தனித்தனி ஜோக்குகள் எழுதிக் கொடுப்பது. மக்கள் ‘நகைச்சுவை எழுத்தாளர்’ என்றதும் நினைத்துக்கொள்வது இந்தப் படியைத்தான். இங்கேயே நின்றுபோனவர்கள் ஏராளம். கால்டனும் சிம்ப்சனும் அங்கிருந்து நகரக் காரணம், அதே நிகழ்ச்சியில் சின்ன வேடத்தில் வந்த டோனி ஹான்காக் என்ற நடிகர்.

## துண்டுகளிலிருந்து அரை மணி நேரக் கதைக்கு

அன்றைய வானொலி நகைச்சுவை பெரும்பாலும் வெரைட்டி வடிவத்தில் இருந்தது. சில ஜோக்குகள், ஒரு பாட்டு, ஒரு குட்டி நாடகம், இன்னொரு பாட்டு என்று துண்டு துண்டாகப் போகும் கதம்ப நிகழ்ச்சி. துண்டு முடிந்தால் எல்லாம் மறந்துபோகும், அடுத்ததைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

1954 நவம்பர் 2 அன்று பிபிசியில் தொடங்கிய ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர் இந்தப் பழக்கத்தை உடைத்தது. நடுவில் பாட்டு கிடையாது. அரை மணி நேரத்துக்கு ஒரே கதை. சிரிப்பு நிலைமையிலிருந்தும் மனிதர்களிலிருந்தும் வர வேண்டும். இந்த வகைக்கு சிட்காம் என்று பெயர். மாறாத சில பாத்திரங்கள், மாறாத ஓர் இடம், ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய சிக்கல். முதல் நாளிலிருந்தே இந்த வடிவம் முழுசாகக் கைகூடிவிடவில்லை. ஆரம்ப காலக் கதைகளில் அடிதடியும் ஆர்ப்பாட்டமும் நிறைய. ஆண்டுகள் போகப் போகத்தான் எழுத்து அடங்கி, கூர்மையானது.

நடிகரின் சொந்தப் பெயரிலேயே பாத்திரம் வந்தது. ஈஸ்ட் சீம் பகுதியில், ரயில்வே கட்டிங்ஸ் 23-ஆம் எண் வீட்டில் குடியிருக்கும் ஹான்காக். தன்னைப் பெரிய அறிவாளி, பெரிய நடிகன் என்று நம்புகிறவர். உலகம் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற மனக்குறை எப்போதும் உண்டு. பேச்சில் படாடோபம், சட்டைப்பையில் ஒன்றுமில்லை. கூட இருக்கும் சிட் ஜேம்ஸ் அவரை ஏமாற்றியே பிழைப்பவர்.

இப்படி ஒரு மனிதர் கைக்கு வந்துவிட்டால் எழுத்தாளரின் கேள்வி மாறிவிடுகிறது. ‘இந்த வாரம் என்ன ஜோக்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இந்த ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இவருடைய படாடோபம் உடையும்?’ என்று கேட்கலாம். 1959 வரை வானொலிக்கு மட்டும் நூறு அத்தியாயங்களுக்கு மேல் எழுத முடிந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

## வானொலி: ஒன்றும் நடக்காத அரை மணி நேரம்

வானொலியில் காட்சி இல்லை. யார் உள்ளே வந்தார், யார் கையில் என்ன இருக்கிறது, எல்லாமே பேச்சிலும் ஓசையிலும்தான் தெரிய வேண்டும். அதைக் கேட்பவருக்குச் சொல்லவும் வேண்டும், சொல்வதுபோலத் தெரியவும் கூடாது. “இதோ கதவைத் திறக்கிறேன்” என்று ஒரு பாத்திரம் சொன்னால் எழுத்தாளர் தோற்றுவிட்டார்.

வானொலியின் இன்னொரு விதி, மௌனம் ஆகாது என்பது. ஒலி நின்றால் கேட்பவர் பெட்டி பழுது என்று நினைத்துவிடுவார். 1958-இல் ஒலிபரப்பான ‘சண்டே ஆஃப்டர்நூன் அட் ஹோம்’ என்ற அத்தியாயத்தில் இருவரும் இந்த விதியையே தூக்கிப் போட்டார்கள். அன்றைய இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் மூடியிருக்கும், செய்ய எதுவும் இருக்காது, வெளியே மழை. நான்கு பேர் ஒரு வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். கொட்டாவி. பெருமூச்சு. மணி என்ன என்று ஒருவர் கேட்கிறார். மறுபடியும் பெருமூச்சு. சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூவேலையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கிழவனின் முகம் தெரிகிறது என்று ஹான்காக் சொல்ல, அது எங்கே தெரிகிறது என்பதே அடுத்த பேச்சாகிறது.

கதை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் நகைச்சுவை எழுத்தைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. அந்தப் பெருமூச்சு ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. எந்த வரிக்குப் பின் எவ்வளவு இடைவெளி, யார் முதலில் பேசுவது, எந்த நொடியில் பொறுமை உடைவது, எல்லாமே தீர்மானிக்கப்பட்டவை. சிரிப்பு வருகிற நேரத்தைக் கணக்கிட்டு வரிகளை அடுக்கும் இந்தக் கலைக்கு டைமிங் என்று பெயர். டைமிங் நடிகருக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதி, காகிதத்திலேயே இருக்கிறது.

## தொலைக்காட்சி: முகத்துக்கு எழுதுவது

1956-இல் அதே ஹான்காக் தொலைக்காட்சிக்கு வந்தார். வானொலியில் பத்து வரியில் சொன்னதை இங்கே முகம் ஒரு நொடியில் சொல்லிவிடும். கேமரா கிட்டே போகும்போது வசனம் குறைய வேண்டும். வானொலியில் பழகிய எழுத்தாளர்கள் பலர் சறுக்கியது இங்கேதான். அவர்களால் வார்த்தையை விட முடியவில்லை.

1961 ஜூன் 23 அன்று ஒளிபரப்பான ‘தி பிளட் டோனர்’ வசனத்துக்கும் முகத்துக்கும் எழுதும் இரண்டு திறமையும் ஒன்றுசேர்ந்த இடம். ஹான்காக் ரத்த தானம் செய்யப் போகிறார். காத்திருக்கும்போதே தன் தியாகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார். ரத்தம் கொடுத்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் தரக்கூடாதா என்றும் விசாரிக்கிறார். டாக்டர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுக்கிறார். கடமை முடிந்தது என்று ஹான்காக் கிளம்புகிறார். இது பரிசோதனைக்குத்தான், இனிமேல்தான் ஒரு பைன்ட் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அரை லிட்டருக்குச் சற்று அதிகம். ஹான்காக் பதறிப்போகிறார்: ஒரு பைன்ட்டா, அது கிட்டத்தட்ட ஒரு கை நிறைய ஆச்சே!

பிரிட்டனில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் இந்த வரியைத் தனியாக எடுத்துப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் பத்து நிமிடம் அந்த மனிதர் பேசிய தியாகப் பேச்சு அங்கே மொத்தமாகச் சரிகிறது. பெருமையும் பயமும் ஒரே வரியில் மோதுகின்றன. கடைசியில் வீட்டில் ரொட்டிக் கத்தியால் கையை வெட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவருக்கு ஏற்றப்படுவது அவரே கொடுத்த ரத்தம்.

இந்தப் பதிவுக்குச் சில நாட்களுக்கு முன் ஹான்காக் கார் விபத்தில் அடிபட்டார். வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. கேமராவுக்கு அருகில் வசனத்தை ஓடவிட்டுப் படித்தபடி நடித்தார். கவனித்துப் பார்த்தால் எதிரில் இருப்பவரைத் தாண்டி அவர் கண்கள் வேறெங்கோ போவது தெரியும். அப்படியும் அது அவருடைய மிகப் புகழ்பெற்ற அத்தியாயமாக நிலைத்தது. மகத்தான நடிகர் அவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவரைத் தாங்கிப் பிடித்தது ஸ்கிரிப்ட்.

## எழுதும் அறையில் என்ன நடக்கும்?

சிம்ப்சன் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்காருவார். கால்டன் அறையில் எங்கேயாவது நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ இருப்பார். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே ஒரு வரி காகிதத்தில் ஏறும். இருவர் சேர்ந்து எழுதுவதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. ஒருவர் சொன்ன வரிக்கு மற்றவர் சிரிக்கவில்லை என்றால், நேயரும் சிரிக்க மாட்டார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் இதையே பலர் கூடிச் செய்வார்கள். அதற்கு ரைட்டர்ஸ் ரூம் என்று பெயர்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். தொய்வான இடங்கள் அங்கே அகப்படும். பிறகு ஒத்திகை, அதன்பின் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவு. அந்தத் தொடர்களில் கேட்கும் சிரிப்பு, அரங்கில் இருந்தவர்களுடையது. சிரிப்பொலியை இயந்திரத்திலிருந்து சேர்ப்பதும் உண்டுதான். 1950-களில் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் அதற்கென ஒரு கருவியையே உருவாக்கினார். ஆனால் எல்லாத் தொடர்களின் சிரிப்பும் டப்பாவிலிருந்து வந்தது என்று நினைப்பது அநியாயம்.

## பொறி: சிட்காமின் உள்ளே இருக்கும் இயந்திரம்

1961-இல் ஹான்காக் இருவரையும் விட்டுப் பிரிந்தார். பத்தாண்டு உறவு முடிந்தது. பெரும் நட்சத்திரத்தை இழந்த எழுத்தாளர்களுக்கு அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். பிபிசியின் டாம் ஸ்லோன், விருப்பப்பட்டதை எழுதிக்கொள்ளுங்கள் என்று தனித்தனி அரை மணி நாடகங்களுக்கான ஒரு வரிசையை அவர்களிடம் கொடுத்தார். அதில் ஒன்றாக 1962 ஜனவரி 5 அன்று ‘தி ஆஃபர்’ வந்தது.

லண்டனில் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பா, மகன். மகன் ஹெரால்டுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. படிக்க வேண்டும், நாகரிகமாக வாழ வேண்டும், இந்தக் குப்பையை விட்டுப் போக வேண்டும். அப்பா ஆல்பர்ட்டுக்கு மகன் போய்விடக்கூடாது, அதற்காக எந்தத் தந்திரமும் செய்வார். கடைசியில் ஹெரால்டு தன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். குதிரை கிடைக்கவில்லை. வண்டியைத் தானே இழுத்துப் பார்க்கிறார். நகரவில்லை. உடைந்து அழுகிறார். நடிகர் ஹாரி கார்பெட் நிஜமாகவே அழுததைப் பார்த்து எழுதியவர்களே அசந்துபோனார்கள். இதற்காகத்தான் அவர்கள் சிரிப்பு நடிகர்களைத் தவிர்த்து, கார்பெட்டையும் வில்ஃப்ரிட் பிராம்பெல்லையும் போன்ற நாடக நடிகர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கிழவராக நடித்த பிராம்பெல் ‘மகனை’விடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர்.

அந்த நகராத வண்டிக்குள் சிட்காமின் மொத்த இயக்கமும் இருக்கிறது. ஒருவரையொருவர் சகிக்க முடியாத இருவர், ஆனால் பிரியவும் முடியாது. எழுத்தாளர்கள் இதைப் பொறி என்பார்கள், எலிப்பொறி மாதிரி. ஒவ்வொரு வாரமும் பாத்திரம் தப்பிக்க முயலும், தோற்கும், தொடங்கிய இடத்துக்கே திரும்பும். சிட்காமில் யாரும் திருந்துவதில்லை என்று குறை சொல்வார்கள். திருந்தினால் அடுத்த வாரம் கதை இல்லை. பொறி எவ்வளவு இறுக்கமோ, தொடருக்கு அவ்வளவு ஆயுள்.

இந்த ஒற்றை நாடகம் ஸ்டெப்டோ அண்ட் சன் என்ற தொடராகி, நடுவில் சில ஆண்டுகள் விட்டு 1974 வரை ஓடியது. 1964 பொதுத்தேர்தல் நாளன்று மாலையில் அது ஒளிபரப்பானால் தங்கள் ஆதரவாளர்கள் வாக்களிக்க வராமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் கவலைப்பட்டார். அவர் கேட்டுக்கொண்டபடி பிபிசி நேரத்தைத் தள்ளிவைத்தது.

இதுவரை பார்த்ததை இப்படிக் கோர்த்துக்கொள்ளலாம்: முதலில் ஒரு மனிதர், அவருக்குள் ஒரு முரண்பாடு, அவரை விடாத ஒரு பொறி. இம்மூன்றும் அமைந்த பிறகு வரிகள் தேடி வரும்.

## எழுதியது யாருக்குச் சொந்தம்?

1950-களில் கால்டன், சிம்ப்சன், எரிக் சைக்ஸ், ஸ்பைக் மில்லிகன் நால்வரும் சேர்ந்து எழுத்தாளர்களுக்கான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயர் அசோசியேட்டட் லண்டன் ஸ்கிரிப்ட்ஸ். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காய்கறிக்கடைக்கு மாடியில் அலுவலகம். சிம்ப்சனின் பள்ளித் தோழியான பெரில் வெர்ட்யூ அங்கே தட்டச்சு வேலைக்கு வந்தார். வேலை கூடக்கூட எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களையும் அவரே பேசத் தொடங்கி, ஏஜென்ட் ஆனார். ஏஜென்ட் என்றால் எழுத்தாளர் சார்பில் பேரம் பேசி, அதில் ஒரு பங்கைத் தன் ஊதியமாகப் பெறுபவர்.

அவர் செய்த பெரிய காரியம், ஃபார்மட் விற்பனையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. ஃபார்மட் என்பது ஒரு தொடரின் அமைப்பு: யார் யார், அவர்களுக்குள் என்ன உறவு, எங்கே சிக்கியிருக்கிறார்கள். ஸ்டெப்டோவின் ஃபார்மட் நெதர்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் போனது. அமெரிக்காவில் அது சான்ஃபோர்ட் அண்ட் சன் என்ற பெயரில் 1972 முதல் 1977 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடியது. அங்கே அப்பாவும் மகனும் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பின மக்கள். லண்டன் வட்டார வழக்கு போய்விட்டது, உள்ளூர் வசனங்கள் போய்விட்டன, பொறி மட்டும் அப்படியே கடல் தாண்டிப் போய் அங்கேயும் வேலை செய்தது. எழுத்தாளர் எழுதுவது ஜோக்குகள் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைத்தான் நான் ஆதாரமாகக் காட்டுவேன்.

சிம்ப்சன் 1970-களின் இறுதியில் எழுதுவதிலிருந்து ஓய்வு பெற்றார். கால்டன் தொடர்ந்தார். 2016-இல் இருவருக்கும் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சி அகாதமியின் உயரிய கௌரவமான ஃபெலோஷிப் கிடைத்தது. அடுத்த ஆண்டு சிம்ப்சனும், 2018-இல் கால்டனும் காலமானார்கள்.

பிபிசி அந்தக் காலத்தில் பதிவு நாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தும். நாடா விலை அதிகம், பழைய நிகழ்ச்சிகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. ஹான்காக்கின் ஆரம்ப காலத் தொலைக்காட்சி அத்தியாயங்கள் பல இப்படிப் போயின. 1970-களில் வண்ணத்தில் எடுத்த ஸ்டெப்டோ அத்தியாயங்களில் சிலவற்றின் மூலப் பதிவும் போய்விட்டது. அவை இன்று கறுப்பு வெள்ளையிலாவது கிடைப்பதற்குக் காரணம், கால்டனும் சிம்ப்சனும் தங்களுக்கென்று பதிவு செய்து பத்திரப்படுத்தியிருந்த நகல்கள்.